படைவீரனின் காணாப் புண்

நெடுநல்வாடை காட்டும் பாண்டிய வேந்தன், வாடைக்காற்று வீசும் நள்ளிரவிலும் உறங்காது பாசறையில் வலம்வந்து, புண்பட்ட வீரர்க்குப் பரிவு காட்டுகிறான். வாளால் பட்ட புண்ணை விளக்கொளியில் காணலாம். தாயின் நோய், மனைவியின் தனிமை, பிள்ளையின் படிப்பு, ஊரில் எழுந்த நிலத்தகராறு ஆகியவற்றால் நெஞ்சில் பட்ட புண்ணை எந்த விளக்கும் காட்டாது. அதனைக் கேட்டறிந்து ஆற்றுவதும் படைத்தலைவனின் கடமையே. இரக்கத்தால் இடும் பிச்சையன்று.

இதற்கு இஸ்லாமிய வரலாறு நல்ல சான்றுகளைத் தருகிறது. ஹிஜ்ரி 2இல் (கி.பி. 624) நிகழ்ந்த பத்ருப் போருக்குத் திரண்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 313 பேரே. ஒவ்வொரு கையும் தேவைப்பட்ட அவ்வேளையிலும், நோயுற்றிருந்த துணைவியார் ருகையா (ரலி) அவர்களைப் பேணுமாறு உஸ்மான் (ரலி) அவர்களை மதீனாவிலேயே தங்கச் செய்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். அத்துடன் அமையாது, போரில் கலந்துகொண்டவர்க்குரிய நற்கூலியும் பங்கும் அவருக்கும் உண்டு என அறிவித்தார்கள். விடுப்பு அளித்தது ஒரு சிறப்பு. விடுப்பில் இருந்தவரின் மதிப்புக் குறையாமல் காத்தது அதனினும் பெருஞ்சிறப்பு.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஒருவர்க்கு வாய்த்த இசைவை அனைவர்க்கும் உரிய விதியாக்கினார்கள். இரவில் மதீனாவில் வலம்வந்தபோது, போர்முனை சென்ற கணவனை எண்ணி ஒரு பெண் புலம்புவதைச் செவியுற்றார்கள். தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் கேட்டறிந்து, குறித்த காலத்திற்குமேல் வீரரைக் குடும்பத்தினின்று பிரித்து வைக்கலாகாது எனப் பணித்தார்கள். அக்காலம் நான்கு திங்கள் என்றும் ஆறு திங்கள் என்றும் அறிவிப்புகள் வேறுபடும். எவரும் மனுக் கொடுக்கவில்லை. தலைவரே சென்று கேட்டார் என்பதே நாம் கருதத்தக்கது.

இன்று இந்தியத் தரைப்படை வீரனுக்கு 60 நாள் ஆண்டு விடுப்பும் 30 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு. போர்ப்பணியில் இருப்பவன்மீது ஊரில் நடக்கும் உரிமையியல் வழக்கில் அவனுக்குக் காப்பளிக்க 1925ஆம் ஆண்டிலேயே சட்டம் பிறந்தது. எனினும் வீரன் வாய் திறப்பதில்லை. கோழை எனப்படுவோமோ, பதவி உயர்வு தடைப்படுமோ என்னும் அச்சம் அவனைத் தடுக்கிறது. படைப்பிரிவினர் அனைவரும் கூடும் சைனிக் சம்மேளனத்தில் குறை கேட்கும் வழக்கம் உண்டு. ஆனால் பலர் முன்னிலையில் தன் இல்லத்துத் துயரை எவன் எடுத்துரைப்பான்?

ஆகவே தலைவன் தனிமையில் அழைத்துக் கேட்க வேண்டும். நிலத்தகராறு எனில் மாவட்ட ஆட்சியர்க்குத் தானே மடல் எழுத வேண்டும். நோய் எனில் காலந்தாழ்த்தாது விடுப்பளிக்க வேண்டும். சென்று மீண்டவனை ஏளனம் செய்ய எவரையும் விடலாகாது.

நம் கல்லூரியின் தேசிய மாணவர் படை இளைஞர்களுள் சிலர் நாளை அதிகாரிகளாகக்கூடும். ஆணையிடக் கற்கும் அவர்கள், "வீட்டில் அனைவரும் நலமா?" என்று கேட்கவும், விடை வரும்வரை காத்திருக்கவும் கற்பார்களாக!