சூட்கேசில் வரும் ரியூப்

ஊருக்குப் போய் வருகிறவர்களிடம் நாம் வழமையாகக் கேட்பவை சில உண்டு. மிளகாய்த்தூள், பனங்கட்டி, ஒடியல் மா. அவற்றோடு, சற்றுக் குரலைத் தாழ்த்தி, "அந்தக் கடிக்குப் பூசுகிற ரியூப் இரண்டு". புரோசார்டில் எங்கள் வீட்டுக் குளியலறை அலுமாரியிலும் அந்த ரியூப் இருந்தது. தொடையிடுக்கில் வந்த படர்தாமரைக்குப் பூசினோம். இரண்டு நாளில் கடி அடங்கியது. நிறுத்தியதும் முன்னையிலும் பெரிதாக வந்தது. மறுபடி பூசினோம். ஒரு வருடம் இப்படியே போனது. கடைசியில் மருந்துக்கடையில் அதைக் காட்டியபோதுதான், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவர் வாசித்துச் சொன்னார்.

உள்ளே இருந்தது குளோபெட்டாசோல் என்ற கடும் ஸ்டெரொயிட். அதோடு ஒரு பங்கசு மருந்தும் ஒரு பக்டீரியா மருந்தும். கனடாவில் குளோபெட்டாசோலை வைத்தியரின் சீட்டு இல்லாமல் வாங்க முடியாது.

ஸ்டெரொயிட் பங்கசைக் கொல்வதில்லை. அதை எதிர்க்கும் நமது தோலின் சக்தியைத்தான் அடக்குகிறது. சிவப்பும் கடியும் குறைவதால் சுகமாகிவிட்டது என்று நினைக்கிறோம். உள்ளே பங்கசு தடையின்றிப் பரவுகிறது. கணக்கு வேலை பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல: கடனை வரவாக எழுதிவிட்டு, இலாபம் வந்ததாக மகிழ்வது போன்றது. வட்டியைத் தோல்தான் கட்டுகிறது. தோல் மெலிந்து, மாறாத கோடுகள் விழுகின்றன.

இது எங்கள் ஒரு வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. இந்தியாவில் இத்தகைய கலவைக் கிறீம்கள் ஆண்டுக்கணக்காகச் சீட்டு இல்லாமல் விற்கப்பட்டன. 2018 மார்ச்சில் 14 ஸ்டெரொயிட் பூச்சு மருந்துகளுக்கு வைத்தியர் சீட்டு கட்டாயமாக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் 328 கலவை மருந்துகள் தடைசெய்யப்பட்டன. தோல் கிறீம்களும் அவற்றில் அடங்கும். ஆனால் அதற்கு முன்பே, வழமையான டெர்பினஃபின் மருந்துக்குப் பெரும்பாலும் அடங்காத ஒரு பங்கசு அங்கே பரவிவிட்டது. 2020 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதற்கு டிரைக்கோபைட்டன் இண்டோட்டினியே என்று பெயரிட்டனர். ஸ்டெரொயிட் கலவைகளின் தவறான பாவனையும் அதன் பரவலுக்கு ஒரு காரணம் என்று தோல் வைத்தியர்கள் சொல்கிறார்கள்.

2023 மே மாதம், நியூயோர்க்கில் இருவருக்கு இந்தத் தொற்று இருப்பதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. ஒருவருக்குப் பங்களாதேசில் இருந்தபோது தொடங்கியது. அவருடைய கணவருக்கும் மகனுக்கும் அதே போன்ற தடிப்புகள் இருந்தன. மற்றவர் கர்ப்பிணியாக இருந்தபோது தொற்றுக்கு ஆளானவர். அண்மையில் எந்த வெளிநாட்டுக்கும் போகாதவர். அதாவது தொற்று அங்கேயே கைமாறத் தொடங்கியிருக்கலாம். கனடாவிலும் நோயாளிகள் பதிவாகியுள்ளனர்.

சிரங்குக்கும் இதே ரியூப்பைப் பூசுகிறோம். முகாம்களில் வாழ்ந்தவர்களுக்குச் சிரங்கு தெரியும். எரிய எரியப் பூசிய அந்த வெள்ளை மருந்தும் மறந்திருக்காது. சிரங்கு தோலுக்குள் வாழும் சிற்றுண்ணியால் வருவது. ஸ்டெரொயிட் அதை மறைக்குமே தவிர மாற்றாது. பொதுவாகக் கொடுக்கப்படுவது 5 வீதப் பெர்மெத்ரின். வளர்ந்தவர்கள் கழுத்திலிருந்து பாதம் வரை பூசி, 8 முதல் 14 மணித்தியாலம் விட்டுக் கழுவ வேண்டும்; ஒரு வாரத்தில் இன்னொரு முறை. கடி இல்லாதவர்கள் உட்பட வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் பூசாவிட்டால் பயனில்லை.

நாம் ஏன் சூட்கேசை நம்புகிறோம்? கியூபெக்கில் குடும்ப வைத்தியர் கிடைப்பது கடினம். அதைவிடப் பெரிய காரணம் வெட்கம். இடுப்புக்குக் கீழே உள்ள கடியைப் பிள்ளையை மொழிபெயர்க்க வைத்து வைத்தியரிடம் சொல்ல எந்தத் தாய் துணிவாள்? பிள்ளை இல்லாமலே போகலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம். குடும்ப வைத்தியர் இல்லாதவர்கள் 811 ஐ அழைக்கலாம். அகதிக் கோரிக்கை நிலுவையில் உள்ளவர்களுக்கு வைத்தியரைப் பார்க்கும் செலவை மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் ஏற்கிறது.

போகும்போது அந்த ரியூப்பையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். என்ன பூசினோம் என்று தெரிந்தால்தான் வைத்தியருக்கு நோய் பிடிபடும். பல வாரம் மருந்தெடுத்தும் மாறாவிட்டால், தோலைச் சுரண்டிப் பரிசோதிக்கும்படி கேளுங்கள். சாதாரணப் பரிசோதனையில் இந்தப் பங்கசு வேறொன்றாகத் தெரியலாம் என்பதால், ஊருக்குப் போய் வந்ததையும் சொல்லுங்கள்.

அடுத்த முறை யாராவது ஊருக்குப் போகும்போது பனங்கட்டியையே கேட்போம். ரியூப் வேண்டாம்.