வரலாற்றுப் பிரிவு யாருக்கு? காக்களூரிலிருந்து ஒரு கேள்வி

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானவுடன் தமிழகப் பள்ளிகளில் எழுதப்படாத ஒரு வரிசை உருவாகிவிடுகிறது. மதிப்பெண் மிகுந்தோர்க்கு அறிவியல், அடுத்தோர்க்கு வணிகவியல், எஞ்சியோர்க்கு வரலாறு. 'மார்க் குறைவா, ஹிஸ்டரி குரூப் எடுத்துக்கொள்' என்னும் சொல் அறிவுரைபோல் ஒலித்தாலும், உண்மையில் அது ஒரு தரவரிசைத் தீர்ப்பு. அத்தீர்ப்பைப் பெரும்பாலும் ஏற்க நேர்வது, குடும்பத்தில் முதன்முதலாக மேல்நிலைக் கல்விக்கு வரும் தலித், பழங்குடி மாணவர்களுக்கே.

திருவள்ளூர் நகரை ஒட்டிய காக்களூரை எடுத்துக்கொள்வோம். சிட்கோ தொழிற்பேட்டையின் நிழலில் வளரும் பிள்ளைகளுக்குக் கண்ணெதிரே தெரியும் எதிர்காலம் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், அதன்பின் ஓர் ஒப்பந்த வேலை. அந்தக் கணக்கில் வரலாறு எதற்கும் உதவாத பாடம். அக்கணக்கைப் போடும் பெற்றோரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. மாதச் சம்பளம் இல்லாத வீட்டில் அது பிழைப்பின் கணக்கு. ஆயினும் அக்கணக்கில் ஒன்று விடுபட்டிருக்கிறது.

திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997இல். அதற்குமுன் இப்பகுதி பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் வட்டம். மிராசுதாரர்களின் பிடியில் நிலமும் குடியிருப்பு மனையும் சிக்கியிருந்த மாவட்டம் அது. உழுதவர்க்குத் தம் குடிசை நின்ற மண்கூடச் சொந்தமில்லை. 1891இல் அம்மாவட்ட ஆட்சியர் திரெமென்ஹீர் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு அளித்த அறிக்கையே, 1892இல் ஒடுக்கப்பட்டோர்க்கு நிலம் ஒதுக்கும் ஆணைக்கு வழிவகுத்தது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்று அழைப்பது அதனையே. குறிப்பிட்ட காலம்வரை விற்கக் கூடாது, பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர்க்கே கைமாற்ற வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் இவ்வாறு வழங்கப்பட்டதாகத் தலித் இயக்கங்கள் கூறிவருகின்றன. அந்நிலத்தை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபரில் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்ததும் இதே பழைய செங்கல்பட்டு மண்ணில்தான்.

தொழிற்பேட்டைகளும் மனைப்பிரிவுகளும் பெருகி நிலத்தின் விலை ஏறிய மாவட்டத்தில், கிராமத்து 'அ' பதிவேட்டைப் படித்து எந்தச் சர்வே எண் நிபந்தனை நிலம் என்று கேட்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? ஆவணத்தை வாசிப்பது, ஆண்டினைச் சரிபார்ப்பது, அதனை எழுதியவர் யார், எவர் நலனுக்காக எழுதினார் என்று வினவுவது: இவையே வரலாற்றுக் கல்வி தரும் பயிற்சி. நிலமிழந்த சமூகத்திற்கு அது பொழுதுபோக்கு அன்று, தற்காப்பு.

இதில் ஒரு முரணும் உண்டு. பதினாறு வயதில் 'மக்குப் பிள்ளைகளின் பாடம்' என்று ஒதுக்கப்படும் அதே வரலாற்றை, பட்டம் முடித்தபின் அதே இளைஞர்கள் கடன் வாங்கிப் பயிற்சி மையங்களில் படிக்கிறார்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தொடங்கிக் குடிமைப் பணித் தேர்வு வரை வரலாறின்றி எவரும் கடந்துவிட முடியாது. அரசுப் பள்ளி இலவசமாகத் தருவதை இழிவென்று ஒதுக்கவைத்து, பின்னர் அதனையே விலைக்கு வாங்கச் செய்கிறது இந்த ஏற்பாடு.

பாடநூலில் எது இருக்க வேண்டும் என்பதில் அதிகாரம் கொண்டோர் காட்டும் அக்கறையைப் பாருங்கள். திருவிதாங்கூரின் தோள்சீலைப் போராட்டம் பற்றிய பகுதியை 2017ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து விலக்கியது சி.பி.எஸ்.இ. 2023இல் பன்னிரண்டாம் வகுப்பு நூலிலிருந்து முகலாய அரசவை பற்றிய பாடத்தை நீக்கியது என்.சி.இ.ஆர்.டி. வரலாறு பயனற்றதெனில் இத்தனை கத்தரிக்கோல் எதற்கு?

அறிவியல் பிரிவைக் கைவிடுங்கள் என்பதன்று நம் வாதம். மருத்துவமும் பொறியியலும் நாம் போராடிப் பெற்ற இடங்கள். அவற்றை விட்டுக்கொடுக்க இயலாது. வரலாற்றைத் தேர்ந்தெடுக்கும் மாணவர் தோற்றவராக அன்றி, விரும்பி வந்தவராக வகுப்பில் அமர வேண்டும் என்பதே நம் கோரிக்கை. இங்கிலாந்தில் பல்கலைக்கழகத்திற்கு முந்தைய ஏ-லெவல் வரலாற்றில் 20 விழுக்காடு மதிப்பெண், மாணவர் தாமே சான்றுகளைத் தேடி எழுதும் ஆய்வுக் கட்டுரைக்கு உரியது. நம்மிடமும் மேல்நிலை வரலாற்றுத் தாளில் அக மதிப்பீட்டிற்கு 10 மதிப்பெண் உண்டு. அதனை ஒவ்வொரு பள்ளியும் தன் ஊரின் நிலம், நீர்நிலை, சுடுகாட்டுப் பாதை, தொழிற்பேட்டை வருமுன் அங்கு உழைத்தவர்களின் நினைவு ஆகியவற்றைப் பதிவு செய்யும் பணிக்கு வழங்கலாம். இதற்குப் புதிய நிதி தேவையில்லை. பள்ளிக் கல்வித் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும்.

1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசனும், 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்திய அயோத்திதாசரும் முதலில் கையிலெடுத்தது, நாம் யார், நம்மை இந்நிலைக்குத் தள்ளியவர் யார் என்ற வரலாற்றுக் கேள்வியைத்தான். அக்கேள்வியைக் கேட்கும் வகுப்பறையைக் கடைசி வரிசைக்குத் தள்ளும் ஏற்பாட்டை, வரும் சேர்க்கைக் காலத்திலேனும் மாணவர் அமைப்புகள் பள்ளி வாசலில் நின்று கேள்வி கேட்க வேண்டும்.