சுவரில் நிற்கும் வரிசை

மொழிபெயர்ப்பாளனின் மேசைக்கு வரும் செய்திகளில் இரண்டு சொற்கள் அண்மைக் காலமாக மிகுந்து வருகின்றன: ‘ஊடுருவல்காரர்’, ‘சட்டவிரோதக் குடியேறி’. அவற்றைத் தமிழில் எழுதும்போதெல்லாம் கை தயங்குகிறது. ஒருவரின் பெயரையும் தொழிலையும் அழித்துவிட்டுக் குற்றத்தை மட்டும் எஞ்சவைக்கும் சொற்கள் அவை. அவற்றுக்கு மறுமொழியாக, ஓவியர் பென் ஷான் ஒரு சுவரில் தீட்டிய காட்சி நினைவுக்கு வருகிறது.

ஜார் ஆட்சியின் கீழிருந்த லித்துவேனியாவின் கோவ்னோ நகரில், 1898இல் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர் ஷான். புரட்சிகர நடவடிக்கைகளுக்காக அவருடைய தந்தை சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். 1906இல் குடும்பம் நியூயார்க்கின் புரூக்ளினில் குடியேறியது. பதின் வயதிலேயே ஷான் கல்லச்சுப் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தார். பிற்காலத்தில் அவருடைய சுவரொட்டிகளில் ஓவியத்துக்கு இணையாக எழுத்துகளும் பேசியதற்கு அந்தப் பட்டறையே காரணம்.

அவரை ஓவியராக நாடறியச் செய்தது ஓர் அநீதி. இத்தாலியிலிருந்து குடியேறிய சாக்கோ காலணித் தொழிலாளி. வான்செட்டி மீன் விற்பவர். இருவரும் அராஜகவாதிகள். கொலைக் குற்றம் சாட்டப்பட்டு, உலகெங்கும் எழுந்த எதிர்ப்பையும் மீறி 1927இல் மின்சார நாற்காலியில் கொல்லப்பட்டனர். 1931-32இல் அவ்வழக்கை ஷான் 23 ஓவியங்களாகத் தீட்டினார். அடுத்த ஆண்டு, ராக்பெல்லர் மையத்தில் தியேகோ ரிவேராவின் உதவியாளர்களுள் ஒருவராகப் பணியாற்றினார். லெனின் உருவம் இடம்பெற்றதால் அந்தச் சுவரோவியத்தை முதலாளிகள் நொறுக்கினர்.

நாம் கருதிய சுவர் நியூஜெர்சியில் இருக்கிறது. ஆடைத் தொழிலாளர்களுக்காக அமைக்கப்பட்ட ஜெர்சி ஹோம்ஸ்டெட்ஸ் குடியிருப்பில், 1937-38இல் ஷான் அதைத் தீட்டினார். குடியேறிகள் கப்பலிலிருந்து இறங்கி வருகிறார்கள். முன்வரிசையில் ஐன்ஸ்டைன், கூட்டத்தில் ஓவியரின் தாய், அருகில் சாக்கோ, வான்செட்டியின் சவப்பெட்டிகள். அப்பால் வியர்வைப் பட்டறைகள், தொழிற்சங்கக் கூட்டம்.

இந்த வரிசையின் அரசியலை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஆளும் வர்க்கம் குடியேறிகளை இரண்டாகப் பிரிக்கிறது. மேதைக்கு மாலை, தொழிலாளிக்குச் சிறை. ஷான் அந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. மேதையையும் தாயையும் கொல்லப்பட்டவர்களையும் ஒரே சுவரில் நிறுத்தினார். தாமும் அந்த வரிசையிலிருந்து வந்தவரே என அறிவித்தார்.

அவரையே அந்த அரசு இரு விதமாக நடத்தியது. 1954இல் வெனிஸ் கலைக் கண்காட்சியில் அமெரிக்காவின் பிரதிநிதியாக அவருடைய ஓவியங்கள் பெருமையோடு வைக்கப்பட்டன. 1959இல் ‘அமெரிக்க விரோத நடவடிக்கைகள்’ குழுவின் முன் விசாரணைக்கு அழைக்கப்பட்டார். தெற்கு, கிழக்கு ஐரோப்பியர்களுக்கு வாயிலை ஏறத்தாழ அடைத்த சட்டம் 1924இல் வந்தது. அவருடைய குடும்பம் பதினெட்டு ஆண்டுகள் தாமதித்திருந்தால், கோவ்னோவின் அச்சிறுவனை அமெரிக்கக் கலை உலகம் அறிந்தே இருக்காது.

2025இல் குருகிராமில், வங்காளம் பேசியதற்காகவே தொழிலாளர்கள் ‘வங்கதேசத்தவர்’ என்ற ஐயத்தில் அடைத்து வைக்கப்பட்டார்கள். அவர்களிடையே ஓர் ஓவியர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அவர்களுடைய உரிமை அதைச் சார்ந்ததன்று. திறமையைச் சான்றாகக் காட்டினால்தான் மனிதராக ஏற்போம் என்பது உழைக்கும் மக்களின் நீதியாகாது. ஷானின் சுவரில் மீன் விற்றவருக்கும் இடம் இருக்கிறது. நம் மண்ணிலும் அந்த இடத்தை உறுதிசெய்வது இடதுசாரி இயக்கத்தின் கடமை.