படிப்பறையும் விளையாட்டுத் திடலும்



தேர்வு மாதம் பிறந்ததும் நம் இல்லங்கள் பலவற்றில் முதலாவதாகத் தடைசெய்யப்படுவது விளையாட்டு. கல்லூரி செல்லும் பிள்ளை மாலையில் வெளியே கிளம்பினால், “இப்போது ஆட்டம் எதற்கு? உட்கார்ந்து படி” என்கிறோம். உடலை அசைக்கும் நேரம் படிப்பினின்று திருடப்பட்ட நேரம் என்பது நம் எண்ணம். அது சரிதானா?

ஜெர்மனியின் மூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடைபெற்று 2007-இல் வெளியான ஆய்வு ஒன்றில், 27 பேர் புதிய சொற்களைக் கற்றனர். மும்மூன்று நிமிடமாக இருமுறை விரைந்து ஓடியபின் கற்றபோது, மெதுவாக ஓடிய பின்போ வாளா இருந்த பின்போ கற்றதைவிட 20 விழுக்காடு விரைவாகக் கற்றனர்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மரிலி ஒப்பெசோ, டேனியல் ஷ்வார்ட்ஸ் ஆகிய இருவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் பெரும்பாலும் கல்லூரி மாணவரே பங்குபெற்றனர். சாதாரணப் பொருள் ஒன்றை எத்தனை புதிய வழிகளில் பயன்படுத்தலாம் என்று கேட்டபோது, நடந்தவண்ணம் சிந்தித்தவர்களிடம் புதுக் கருத்துகள் சராசரியாக 60 விழுக்காடு மிகுந்தன. ஆயினும் ஒரே விடையுள்ள வினாக்களில் நடந்தவர்கள் சற்றே பின்தங்கினர். எனவே, கட்டுரைக்குக் கருத்துத் தேட நடை உதவலாம். விடையை முடிவுசெய்ய நாற்காலியே ஏற்றது.

நெதர்லாந்தில் நடைபெற்ற ஆய்வொன்று 2016-இல் வெளியாயிற்று. அதில் 72 பேர், எந்தப் படம் எந்த இடத்தில் உள்ளது என்பதை மனத்திற் பதித்தனர். ஒரு பிரிவினர் உடனேயும், மற்றொரு பிரிவினர் 4 மணி நேரம் கழித்தும், 35 நிமிடம் மிதிவண்டிப் பயிற்சி செய்தனர். மூன்றாம் பிரிவினர் பயிற்சியே செய்யவில்லை. இரு நாள் சென்றபின் சோதித்தபோது, 4 மணி நேரம் கழித்துப் பயிற்சி செய்தவர்களே கற்றதை நன்கு நினைவிற்கொண்டிருந்தனர். உடனே பயிற்சி செய்தவர்களுக்கோ அத்தகைய பயன் கிட்டவில்லை.

இவை சிறிய ஆய்வுகளே. ஓடினால் முதல் வகுப்பு உறுதி என்று இவற்றைக் கொண்டு கூறிவிட முடியாது. படிக்காத பாடத்தை எந்த ஓட்டமும் மூளையில் ஏற்றாது. ஆனால் உடற்பயிற்சி படிப்பின் பகையன்று, துணையே என்பதற்கு இவை சான்று பகர்கின்றன. காலையில் கருத்தூன்றிப் படித்த பிள்ளை, மாலையில் அரைமணி நேரம் ஓடியாடி வந்தால், அது வீணான பொழுதன்று.

இன்னுமொன்று. மகன் எப்படியேனும் திடலுக்குச் சென்றுவிடுவான். மகளின் நிலை என்ன? கல்லூரி விட்டால் வீடு, வீட்டில் புத்தகம், புத்தகம் மூடினால் அடுப்பங்கரை என்று அவளது நாள் முடிந்துவிடுகிறது. அவளும் அதே தேர்வைத்தான் எழுதுகிறாள். அவளது மூளையும் அதே உடலின் துணையைத்தான் நாடுகிறது. இன்று மாலை தாயும் மகளும் ஒரு கல் தொலைவு நடந்து வரலாமே! பாடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே நடந்தால் இன்னும் நன்று.