சத்தம் நிக்கணும்னா முதல்ல சத்தத்தைக் கேளுங்க

காலையில வண்டியை ஸ்டார்ட் பண்றப்போ ஏதாவது வினோதமா சத்தம் வந்தா நம்மாளுங்ககிட்ட ரெண்டு வைத்தியம் இருக்கு. ஒண்ணு, பாட்டு சவுண்டை ஏத்தி வெச்சுடறது. ரெண்டாவது, ஒர்க்‌ஷாப்புக்குப் போய் "என்னமோ சத்தம் வருதுங்க, பார்த்து மாத்திடுங்க"ன்னு சாவியைக் கொடுத்துட்டு வந்துடறது. முதல் வைத்தியம் இஞ்சினுக்கு ஆபத்து, ரெண்டாவது பர்ஸுக்கு ஆபத்து.

டாக்டர்கிட்ட போய் "வலிக்குது"ன்னு மட்டும் சொல்லிட்டு உக்கார்ந்திருப்போமா? எங்கே, எப்போலேர்ந்து, எவ்வளவு நேரம்னு சொல்றோம்ல? வண்டிக்கும் அதேதான். அதுலயும் ஸ்டார்ட்டிங் சத்தம் பல சமயம் ராத்திரி முழுக்க நின்ன வண்டியிலதான் வரும். ஒர்க்‌ஷாப் போய்ச் சேர்றதுக்குள்ள இஞ்சின் சூடாகி, சத்தம் ஓடிப்போயிருக்கும். அப்புறம் மெக்கானிக் தன் காதால கேக்காத சத்தத்துக்கு ஊகத்துல வைத்தியம் பார்க்கணும். அந்த ஊகத்துக்கு நாம பில் கட்டணும்.

எங்க அப்பார்ட்மெண்டுல ஒரு ரிட்டயர்டு வாத்தியார் இருக்கார். அவர் வண்டியில காலையில ஸ்டார்ட் பண்ணதும் ஒரு நிமிஷம் கடகடன்னு தகரச் சத்தம். ஒரு இடத்துல பெல்ட்டை மாத்தினாங்க, நிக்கலை. "டைமிங் செயின் போயிடுச்சு சார், செட்டோட மாத்தணும்"னு பெரிய தொகை சொல்லிட்டாங்க. "என்ன தம்பி பண்றது?"ன்னு என்கிட்ட கேட்டார். "நாளைக்குக் காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி கூப்பிடுங்க சார்"னேன். இஞ்சின் ஆறியிருக்கும்போதே குனிஞ்சு சைலன்ஸர் பைப்பைத் தட்டிப் பார்த்தா, மேல இருக்கிற வெப்பத் தடுப்புத் தகடு துருப்பிடிச்சு ஒரு போல்ட்டுல தொங்கிட்டிருக்கு. ஆறின இஞ்சின் முதல்ல கொஞ்சம் வேகமா சுத்தும். அந்த அதிர்வுல ஆடின தகடு, ஐடிலிங் இறங்கினதும் அடங்கிடுது. ஒரு ஹோஸ் கிளிப்பைப் போட்டு இறுக்கினோம், முடிஞ்சுது.

எல்லா சத்தமும் இப்படி சுலபமா முடியும்னு சொல்ல வரலை. செயின் நிஜமாவே தேயும். ஆனா இஞ்சினைப் பிரிக்கறதுக்கு முன்னாடி குனிஞ்சு பார்க்கணுமா இல்லையா? எந்த நேரத்துல வருதுங்கறதுதான் பாதி துப்பு.

சாவியைத் திருப்பினதும் 'டக டக டக'ன்னு அடிச்சு இஞ்சின் சுத்தலேன்னா முதல்ல பேட்டரியைப் பாருங்க. நல்ல பேட்டரி சும்மா நிக்கும்போது 12.6 வோல்ட் காட்டணும். டெர்மினல்ல வெள்ளையாவோ பச்சையாவோ பூத்திருந்தா, மைனஸை முதல்ல கழட்டிட்டு ஆப்ப சோடா கலந்த வெந்நீரால கழுவித் துடைச்சுப் பாருங்க. ஒரே ஒரு 'டக்'கோட நின்னா, பேட்டரியும் டெர்மினலும் சரியா இருக்கான்னு பார்த்துட்டுத்தான் செல்ஃப் மோட்டாரைச் சந்தேகப்படணும். 'கர்ர்ர்'னு இரும்பு அரைக்கிற சத்தம்னா செல்ஃபோட பல்லும் ஃப்ளைவீல் பல்லும் சரியா சேரலை. திரும்பத் திரும்ப அடிச்சீங்கன்னா ஃப்ளைவீல் பல்லும் சேர்ந்து போகும்.

ஸ்டார்ட் ஆன உடனே 'கீச்'சுன்னு கத்தினா பெல்ட். செல்ஃப் குடிச்ச கரண்டை ஆல்டர்னேட்டர் திருப்பி நிரப்புற நேரம் அது, அதனால பெல்ட்டுக்கு பாரம் ஜாஸ்தி. விரலும் துணியும் பக்கத்துல போகாம, தள்ளி நின்னு, ஓடுற பெல்ட்டோட பள்ளப் பக்கத்துல கொஞ்சம் தண்ணி தெளிங்க. சத்தம் கூடினா பெல்ட் வழுக்குது, டென்ஷனைப் பார்க்கணும். கொஞ்ச நேரம் அடங்கித் திரும்ப வந்தா புல்லிங்க நேர்கோட்டுல இல்லைன்னு சந்தேகப்படலாம். பெல்ட்டுக்கு ஸ்ப்ரே அடிச்சு அடக்கறது, அழுற குழந்தை வாயைப் பொத்துற மாதிரி.

ஒண்ணு ரெண்டு செகண்ட் 'கடகட'ன்னு அடிச்சு அடங்கினா, ராத்திரி கீழே இறங்கின ஆயில் மேல வர்ற வரைக்கும் வர்ற சத்தமா இருக்கலாம். ஆயில் ஃபில்டருக்குள்ள, ஆயில் திரும்ப இறங்காம பிடிச்சு வெக்க ஒரு ரப்பர் வால்வு உண்டு. மட்டமான ஃபில்டர்ல அது சரியா மூடாது. டிப்ஸ்டிக்குல அளவு, வண்டிப் புத்தகத்துல போட்டிருக்கிற கிரேடு, ஃபில்டர், இந்த மூணையும் பார்த்துட்டுதான் டைமிங் செயின் பேச்சே எடுக்கணும். ஆனா சத்தம் நாளுக்கு நாள் நீண்டுகிட்டே போனா தள்ளிப் போடாதீங்க. செயின் பல்லு தாண்டினா பல இஞ்சின்கள்ல வால்வும் பிஸ்டனும் மோதிக்கும்.

ஆறியிருக்கும்போது 'டிக் டிக்'குன்னு வந்து, சூடானதும் மறைஞ்சா எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டுல கசிவு இருக்கலாம். உலோகம் விரிஞ்சதும் இடுக்கு அடைச்சுக்கும். சூடானப்புறமும் அடி வயித்துலேர்ந்து 'டங் டங்'னு வந்து, ஆக்ஸிலேட்டர் மிதிக்க மிதிக்கக் கூடினா ஓட்டாதீங்க, பேரிங் போயிருக்கலாம். அதே மாதிரி, ஸ்டார்ட் ஆகி சில செகண்ட்ல சிவப்பு ஆயில் விளக்கு அணையலேன்னா உடனே இஞ்சினை நிறுத்துங்க. சத்தமே வராட்டியும் சரி, அங்க ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம்.

மத்தபடி, மொபைலை பானெட் பக்கத்துல வெச்சு, முதல் ஸ்டார்ட்டுலேர்ந்து ரெண்டு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணுங்க. முடிஞ்சா வண்டியை முந்தின நாள் சாயங்காலமே ஒர்க்‌ஷாப்புல விட்டு, "காலையில நீங்களே முதல் ஸ்டார்ட் அடிச்சுக் கேளுங்க"ன்னு சொல்லுங்க. எதை மாத்தச் சொன்னாலும் "எதை வெச்சுங்க சொல்றீங்க?"ன்னு கேளுங்க, மாத்தின பழைய பாகத்தையும் கையில வாங்கிக்கோங்க.

இது மெக்கானிக்குகளுக்கு எதிரான பதிவு இல்லீங்க. நல்ல மெக்கானிக் ஸ்பானரை எடுக்கறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேப்பார். பதில் நம்மகிட்ட இருக்கணும். கேள்வியே கேக்காம ஸ்பானரை எடுக்கறவரா இருந்தா, சாவியைத் திருப்பி வாங்கிட்டு வந்துடுங்க.