மன்னன் கிடைத்தது அதிர்ஷ்டத்தாலா?

கார் நிறுத்தும் இடத்தைத் தோண்டினார்கள், முதல் நாளே மன்னன் கிடைத்துவிட்டான். இங்கிலாந்தின் மூன்றாம் ரிச்சர்டைப் பற்றிப் பேச்சு வந்தால் பலரும் இப்படித்தான் சொல்கிறார்கள். குருட்டு அதிர்ஷ்டம் என்பவர்கள் ஒரு பக்கம். தரையில் பெயின்டால் எழுதியிருந்த ‘ஆர்’ எழுத்தைக் காட்டி, அற்புதம் என்பவர்கள் இன்னொரு பக்கம். கேட்கச் சுவையான கதைதான். ஆனால் பல ஆண்டு உழைப்பை அது இல்லாமல் ஆக்கிவிடுகிறது. அதன் கூற்றுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“கல்லறை எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது” என்பது முதல் கூற்று. 1485 ஆகஸ்ட் 22 அன்று பாஸ்வொர்த் போரில் ரிச்சர்ட் கொல்லப்பட்டார். உடலை லெஸ்டர் நகருக்குக் கொண்டுவந்து, பிரான்சிஸ்கன் துறவிகளின் கிரேஃப்ரையர்ஸ் மடத்துக் கோயிலில் புதைத்தார்கள். பாடற்குழுவுக்குரிய பகுதியில் அடக்கம் நடந்தது என்று அதே காலத்தில் வாழ்ந்த ஜான் ரௌஸ் எழுதிவைத்தார். 1538-இல் மடம் கலைக்கப்பட்டது. பின்னர் அந்த நிலம் ராபர்ட் ஹெரிக் என்பவரின் தோட்டமானது. மன்னனின் உடல் இங்கே கிடக்கிறது என்று பொறித்த கல்தூணை 1612-இல் அங்கே பார்த்தவர் கிறிஸ்டோபர் ரென். அதே பெயர் கொண்ட புகழ்பெற்ற கட்டடக் கலைஞரின் தந்தை. 1975-இல் ஆட்ரி ஸ்ட்ரேஞ்ச் எழுதிய கட்டுரை, நகராட்சியின் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில்தான் மன்னன் இருக்கிறார் என்றது. 1986-இல் டேவிட் பால்ட்வினும் கிரேஃப்ரையர்ஸ் வட்டாரத்தையே சுட்டினார்.

அடுத்தது, “மடம் இடிந்தபோதே எலும்புகளைச் சோர் ஆற்றில் வீசிவிட்டார்கள், அதனால் யாரும் எதிர்பார்க்கவில்லை” என்பது. ஜான் ஸ்பீட் 1611-இல் வெளியிட்ட வரலாற்று நூலிலிருந்து பரவிய செவிவழிச் செய்தி இது. ஸ்பீட் கல்லறையைத் தேடிப் போனார். முள்ளும் களையும் மண்டிய இடத்தைத்தான் கண்டார். காரணம் எளிது. அவருடைய லெஸ்டர் வரைபடத்தில் கிரேஃப்ரையர்ஸ் இருக்கும் இடமே தவறு; வேறொரு மடத்தை அந்தப் பெயரில் குறித்திருந்தார். தவறான இடத்தில் தேடிய ஒருவரின் ஏமாற்றமே பிறகு ஆற்றங்கரையில் கல்வெட்டாக நின்றது. வரலாற்றாசிரியர் ஜான் ஆஷ்டவுன்-ஹில் இந்தப் பிழையை எடுத்துக்காட்டிய பிறகுதான் தேடல் சூடுபிடித்தது.

மூன்றாவது கூற்றுதான் பலருக்கும் பிடித்தது: “முதல் நாளே கிடைத்தது.” 2012 ஆகஸ்ட் 25 அன்று கால் எலும்புகள் தென்பட்டது உண்மை. ஆனால் அன்று மன்னன் கிடைக்கவில்லை. யாருடையவோ இரண்டு கால் எலும்புகள் கிடைத்தன. தோண்டியவர்கள் அவற்றை மூடிவைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். கோயில்கள் கிழக்கு மேற்காக அமையும் என்பதால், ரிச்சர்ட் பக்லியின் தலைமையில் லெஸ்டர் பல்கலைக்கழகக் குழு வடக்கு தெற்காகக் குழிகள் வெட்டியது; அப்படி வெட்டினால் சுவர்கள் குறுக்கே வந்தே தீரும். மடம், அதில் கோயில், அதில் பாடற்குழுப் பகுதி என்று படிப்படியாக அடையாளம் கண்ட பிறகே அந்தக் கால்கள் எங்கே கிடக்கின்றன என்பது விளங்கியது. செப்டம்பர் தொடக்கத்தில்தான் முழு எலும்புக்கூட்டை வெளியே எடுத்தார்கள். குழி உடலைவிடக் குட்டை. தலை ஒரு பக்கமாக முட்டுக்கொடுத்தாற்போல் நிமிர்ந்திருந்தது. முதுகெலும்பு வளைந்து கிடந்தது.

‘ஆர்’ எழுத்தின் அருகே நின்றபோது தனக்குச் சிலிர்த்தது என்று தேடலை முன்னெடுத்த ஃபிலிப்பா லாங்லி சொன்னது உண்மையே. அந்தச் சிலிர்ப்பு மட்டும் அனுமதி வாங்கித் தரவில்லை. பணம் போதாமல் போனபோது மூன்றாம் ரிச்சர்ட் சங்கத்தின் உறுப்பினர்களிடம் கையேந்தி நிதி திரட்டியவரும் அவர்தான்.

“யாரோ ஒருவரின் எலும்பு” என்பது கடைசிக் கூற்று. உடலில் குறைந்தது 11 காயங்கள், அவற்றில் 9 மண்டையோட்டில். ரிச்சர்டின் அக்கா ஆன் வழியாகத் தாய்வழியே தொடர்ந்த இரு வாரிசுக் கிளைகளோடு மரபணு ஒத்துப்போனது. ஆண்வழி மரபணு ஒத்துப்போகவில்லை. வம்சாவளியில் எங்கோ தந்தைவழி அறுந்திருக்கிறது. அந்த முரண்பாட்டையும் மறைக்காமல் கணக்கில் சேர்த்துத்தான், மரபணு ஆய்வாளர் டூரி கிங்கின் குழு 2014-இல் அது ரிச்சர்டாக இருக்கும் வாய்ப்பை 99.999 சதவீதம் என்றது.

அதிர்ஷ்டத்துக்கு இதில் பங்கே இல்லையா? உண்டு. எலும்புக்கூட்டில் பாதங்கள் இல்லை. பிற்காலக் கட்டட வேலையில் அவை போயிருக்க வேண்டும். அந்த வேலை இன்னும் சற்று நகர்ந்து நடந்திருந்தால் மீதியும் போயிருக்கும். எலும்புகள் தப்பியது அதிர்ஷ்டம். அவற்றைக் கண்டுபிடித்தது அதிர்ஷ்டம் அல்ல.

2015 மார்ச் 26 அன்று, தோண்டிய இடத்துக்கு எதிரேயுள்ள லெஸ்டர் பேராலயத்தில் மன்னன் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டார். இனி இந்தக் கதையைச் சொல்பவர்கள் ‘ஆர்’ எழுத்தோடு நிறுத்தாமல், ஆட்ரி ஸ்ட்ரேஞ்சின் பெயரையும் ஆஷ்டவுன்-ஹில்லின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.