பத்து ரூபாய் பாக்கி

அம்மாபேட்டையில் வேட்டி வியாபாரம் செய்யும் நண்பர், ‘‘பத்து ரக வேட்டிக்கும் பார்கோடு போடணும். நீங்கதான் ‘ஸி’யில புரோகிராம் எழுதுவீங்களே சார்!’’ என்றார். புகழ்ச்சிக்கு மயங்காத மனுஷன் உண்டா? உட்கார்ந்துவிட்டேன்.

பார்கோடுக்கு 13 எண்கள். முதலில் வரும் 890, ஜி.எஸ்.1 இந்தியா அமைப்பு கொடுத்த எண் என்பதற்கு அடையாளம். பதின்மூன்றாவது எண் காவல்காரன். இடமிருந்து ஒற்றைப்படை இடத்து எண்களை அப்படியே கூட்டு, இரட்டைப்படை இடத்து எண்களைக் கூட்டி மூன்றால் பெருக்கு, இரண்டையும் சேர். அடுத்த பத்தைத் தொட எவ்வளவு குறைகிறதோ, அதுதான் காவல்காரன். கூட்டுத்தொகை 127 என்றால் 3.

லேபிள் அச்சாகி வந்தது. ஒன்பது ரக வேட்டிகள் ஸ்கேனரில் ‘பீப்’ என்றன. பத்தாவது ஊமை!

ராத்திரி முழுக்கத் தேடினேன். அந்த வேட்டிக்கு மட்டும் கூட்டுத்தொகை 130. குறைவது பூஜ்யம். என் புரோகிராமோ, பத்திலிருந்து கடைசி இலக்கத்தைக் கழித்து, ‘10’ என்று எழுதிவிட்டது. ஓர் எண்ணுக்கான இடத்தில் இரண்டு! விடையைப் பத்தால் வகுத்து மீதியை மட்டும் எடு என்று, ‘% 10’ சேர்த்தேன். தீர்ந்தது.

நண்பரிடம் விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை.

‘‘கணக்கை நேர் பண்ணவன் பேர்ல பத்து ரூபா பாக்கின்னு எழுதிட்டீங்களே சார்!’’

லேபிள் மறுபடி அச்சடித்த செலவு? என் பாக்கி.